தேரை வாளி

உதவவேண்டும் என்று தோன்றியது
ஒரு செவ்வாய்க்கிழமை.
பெரிய காரணம் ஏதுமில்லை.
பேருந்தைப் பணிமனையில் விட்டு வீடு திரும்பினால்
கதவைத் திறப்பதற்கும் விளக்கைப் போடுவதற்கும்
நடுவே ஒரு நொடி இருக்கிறதே,
அது நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போனது.

முதலில் மருத்துவமனையில் கேட்டேன்.
நான்கு பக்கப் படிவம்.
'உங்களை நன்கறிந்த இருவர்' என்ற வரியில்
பேனா நின்றுவிட்டது.
இருபத்தாறு வருடமாக என் பிடரியைப் பார்த்தபடி
வில்யாண்டி முழுக்க என்னோடு வந்திருக்கிறது.
அதில் எந்த இருவரை எழுத?

தேவாலயச் சமையலறையில்
கிழங்கு உரிக்க ஆள் குறைகிறது என்றார்கள்.
போனால், ஒரு மூட்டையைச் சுற்றிப் பதினோரு பேர்.
கத்தி ஏழுதான்.
மிச்ச நால்வர் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
எனக்கும் ஊற்றினார்கள்.
குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு
வந்தேன்.

பூனைக் காப்பகத்தில் தும்மினேன்.
அந்தக் கதை அவ்வளவுதான்.

பிறகு ஏப்ரல்.
கடைசி நடை, தூறல்,
கூரா ஏரி வளைவில் யாரோ விளக்கை ஆட்டினார்கள்.
நிறுத்தினேன்.
மஞ்சள் மேலங்கியில் ஒரு பெண், கையில் வாளி.
தபால் நிலையத்தில் தராசுக்குப் பின்னால்
தினமும் பார்க்கிற முகம். ஊர்வே.
"ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்றாள்,
"இவை கடக்கட்டும்."
வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.
தேரைகள்.
ஒன்றன்மேல் ஒன்றாக, புகார் ஏதுமின்றி.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன்
தாருக்கு மேல் வந்த தேரையை
எங்களிடம் விட்டுவிட்டான் போல.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
ஈரமான வசந்த இரவுகளில்
சக்கரத்தடியில்
நனைந்த தீப்பெட்டி நசுங்குவது மாதிரி.
வருடா வருடம்
அந்த இடம் வந்ததும் வானொலியைக் கூட்டிவைப்பேன்.

"தப்பான இடத்தில் நிற்கிறீர்கள்" என்றேன்.
"இங்கே கொஞ்சம்தான்.
பால்பண்ணைப் பலகை தாண்டி,
மதகுக்கும் பிர்ச் மரங்களுக்கும் நடுவே,
அங்கேதான் கூட்டம்."
"எப்படித் தெரியும்?"

துடைப்பான் மூன்று முறை போய் வந்தது.
சொன்னேன்.

அவள் திட்டவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
காலணி அளவு என்ன என்று கேட்டாள்.
"நாற்பத்து நான்கு."
"நாளை ஒன்பதரைக்கு.
கையுறையை நனைத்துக்கொண்டு வாருங்கள்,
காய்ந்த கை அவற்றின் தோலுக்கு ஆகாது."

மறுநாள் இரவு நடையை
தைவோவிடம் மாற்றிக்கொண்டேன்.
ரப்பர் காலணி ஓர் அளவு சின்னது.
முதல் தேரை
உள்ளங்கையில் குளிர்ந்த களிமண்ணாக உட்கார்ந்து,
தொண்டை மட்டும் துடிக்க என்னைப் பார்த்து,
மணிக்கட்டில் மூத்திரம் பெய்தது.
ஹென்ட்ரிக் என்ற பள்ளிப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.
முதுகில் ஆணைச் சுமந்து வரும் பெண்ணை
ஒன்றென்று எழுதுவதா இரண்டென்றா
என்று அவனுக்கும் ஊர்வேக்கும் பதினைந்து நிமிடச் சண்டை.
இரண்டு, என்று முடிவானது.
மதகோரம் மட்டும் இருநூற்றுப் பதினான்கு.
நோட்டில் பக்கத்திலேயே இன்னொரு பத்தி,
மேலே தலைப்பு இல்லாமல்.
அதில் ஒன்பது.
பழைய வருடங்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை.
நானும் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்கு
வளைவில் இரண்டு விளக்குகள்.
என் பேருந்து.
முன்னால் நின்று அதன் முகத்தை
இதுவரை பார்த்ததில்லை,
இவ்வளவு பெரிதா அது?
ஹென்ட்ரிக் விளக்கை ஆட்டினான். நின்றது.
ஜன்னலை இறக்கித் தைவோ கத்தினான்:
"மேலிஸ்! நடு ரோட்டில் எதைத் தொலைத்தாய்?"

கையசைத்திருப்பேன்.
இரண்டு கையிலும் ஆளிருந்தது.